இரத்தம் ஒருவருடையதல்ல: மரபணுக் கொடிவழித் தேடலும் காவல்துறைக்கான சட்ட வரம்புகளும்

(வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத் தொழிலாளர் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வண்டன்மேட்டிலிருந்து கம்பம்மெட்டு வழியாக இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கிருந்து சுருளி அருவி வெகு தொலைவில் இல்லை. ஆடி அமாவாசைக்கு இந்த மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று வரும் இடம் அது. 2011 மே மாதத்தில் அந்த அருவிப் பகுதிக்குச் சென்ற இளம் காதலர் இருவர் கொல்லப்பட்டனர். பெண் பாலியல் வன்கொடுமைக்கும் உள்ளாக்கப்பட்டிருந்தார். ஒருவர் கைது செய்யப்பட்டார். 2018-இல் தேனி நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுதலை செய்தது.

வழக்கின் முதுகெலும்பு டி.என்.ஏ. சான்று. அந்த முதுகெலும்புதான் முறிந்தது. எடுக்கப்பட்ட மாதிரிகள் ஆய்வகத்தைச் சென்றடைவதில் நேர்ந்த தாமதத்துக்கு விளக்கம் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவை யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தன என்பதற்கு ஐயமற்ற பதிவு இல்லை. மாதிரி மாசுபட்டிருக்கலாம் என்ற ஐயத்தை அரசுத் தரப்பால் நீக்க இயலவில்லை. இரண்டு உயிர்களைப் பறித்தவர் யார் என்ற கேள்விக்கு இன்றும் சட்டப்படி விடை இல்லை. விடுவிக்கப்பட்டவரோ தூக்குக் கயிற்றின் நிழலில் ஏழு ஆண்டுகளைக் கழித்துவிட்டார்.

இந்த வழக்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு மாதிரியைச் சரியாக எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒழுங்கே இன்னும் கைவராத நாட்டில், அதனினும் பன்மடங்கு வலிமை வாய்ந்த வேறொரு முறை குறித்து இப்போது பேசப்படுகிறது. சந்தேகத்துக்குரியவரின் மரபணுவைத் தேடாமல், அவருடைய உறவினர்களின் மரபணு வழியாக அவரைச் சென்றடையும் முறை அது. ஆங்கில நாடுகளில் மரபணு வம்சாவளித் தேடல் என்ற பொருள்படும் பெயரால் வழங்கப்படுகிறது. கொடிவழித் தேடல் என்று நம் மொழியில் சொல்லலாம்.

அத்தை மகனைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்தல்

காவல்துறை வழக்கமாகச் செய்யும் டி.என்.ஏ. ஒப்பீடு எளிமையானது. மரபணுச் சரத்தின் ஏறத்தாழ இருபது இடங்களை மட்டும் அளப்பார்கள். சம்பவ இடத்து மாதிரியும் சந்தேக நபரின் மாதிரியும் அந்த இருபது இடங்களிலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆள் கையில் இருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்குப் பயன்.

கொடிவழித் தேடலில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் படிக்கப்படுகின்றன. ஒரு மனிதர் தம் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் பெறுகிறார். உடன்பிறந்தோரிடையே ஏறத்தாழ பாதி பொதுவாக இருக்கும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா மக்களோடு எட்டில் ஒரு பங்கு பொது. அதற்கு அடுத்த தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒன்று; அதற்கும் அடுத்து நூற்றிருபத்தெட்டில் ஒன்று. இவ்வளவு சிறிய பங்கையும் இன்றைய கருவிகள் அடையாளம் காணும். எனவே கொலைகாரன் தன் வாழ்நாளில் யாரிடமும் இரத்தம் கொடுத்திராவிட்டாலும், அவனுடைய மூன்றாந்தலைமுறைப் பங்காளி எங்கோ ஒரு நிறுவனத்துக்கு எச்சில் அனுப்பியிருந்தால் போதும். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு, கல்லறைப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு, இறப்பு அறிவிப்பு எனத் தேடித் தேடிக் கொடிவழி வரைந்து, கிளை கிளையாக இறங்கி ஆளிடம் வந்து நிற்பார்கள்.

கலிபோர்னியாவில் நடந்தது இதுவே. 1970-களிலும் 80-களிலும் பதின்மூன்று கொலைகளையும் ஐம்பதுக்கு மேற்பட்ட பாலியல் வன்கொடுமைகளையும் செய்த ஒருவன் நாற்பதாண்டுகளாகப் பிடிபடவில்லை. மக்கள் தங்கள் முன்னோரைத் தேடுவதற்காக மரபணு விவரங்களைப் பதிந்து வைத்திருந்த ஜெட்மேட்ச் என்ற தளத்தில் சம்பவ இடத்து மாதிரியின் விவரத்தை ஏற்றித் தேடியபோது தூரத்து உறவினர்கள் கிடைத்தனர். 2018 ஏப்ரலில் 72 வயது முதியவன் ஒருவன் கைதானான். அவன் முன்னாள் காவலன் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

அந்தக் கைதுக்கு முந்தைய ஆண்டில் நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. அதே வழக்கில், இதே போன்ற தேடலின் வழியே, ஓரிகான் மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த 73 வயது முதியவர் மீது காவல்துறையின் பார்வை விழுந்தது. நீதிமன்ற ஆணை பெற்று அவருடைய மாதிரி எடுக்கப்பட்டது. அவருக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை.

அறிவியல் எதிரியல்ல

இதைக் கேட்டவுடன், மரபணு ஆய்வே கூடாது என்ற முடிவுக்குச் சில தோழர்கள் வரக்கூடும். அது பிழை. டி.என்.ஏ. அடையாள முறையை 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்தார். கொலை வழக்கு ஒன்றில் அது முதன்முதலாகப் பயன்பட்டபோது செய்த முதல் காரியம் குற்றவாளியைப் பிடித்ததன்று, நிரபராதியை விடுவித்ததே. காவல் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன் அந்தக் கொலையைச் செய்யவில்லை என ஆய்வு மெய்ப்பித்தது. காவல் நிலைய ஒப்புதல் வாக்குமூலத்தின் மதிப்பு என்ன என்பதை இந்த மலையிலும் கீழே சமவெளியிலும் உள்ள தொழிலாளருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அடியினால் பெறப்பட்ட வாக்குமூலத்துக்கு மாற்று அறிவியல் சான்றுதான்.

இந்தியாவின் தொடக்கமும் கேரளத்திலேயே. தலைச்சேரியில் எழுந்த தந்தைமை வழக்கில், ஐதராபாத் ஆய்வு மையத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங் அளித்த டி.என்.ஏ. சான்றை 1990-களின் தொடக்கத்தில் நீதிமன்றம் ஏற்றது. கைவிடப்பட்ட தாய்க்கும் குழந்தைக்கும் அது துணை நின்றது.

எனவே, கருவி யாருடைய கையில், எந்த வரம்புக்குள், யார் மீது பாய்கிறது என்பதே கேள்வி.

லெஸ்டர் வழக்கின் பிற்பகுதி இதற்கு நல்ல பாடம். உண்மைக் குற்றவாளியைத் தேடிச் சுற்றுவட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் மாதிரி கேட்கப்பட்டது. அவர்கள் கொடுத்தார்கள். குற்றவாளி கொடுக்கவில்லை, தன்னோடு பணியாற்றிய ஒருவரைத் தன் பெயரில் அனுப்பிவைத்தான். அந்த ஆள்மாறாட்டம் மதுக்கடைப் பேச்சில் வெளிவந்த பிறகே அவன் அகப்பட்டான்.

வேங்கைவயலில் நடந்தது

ஊரையே வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுக்கும் முறையைத் தமிழ்நாடும் கண்டுவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. 2023 ஏப்ரலில் பதினொரு பேரிடம் இரத்த மாதிரி எடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. அவர்களுள் வேங்கைவயல் மக்கள் எட்டுப் பேர் மறுத்தனர். நஞ்சூட்டப்பட்டவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்பது அவர்களுடைய கேள்வி. உயர் நீதிமன்றம் வரை சென்றும் இறுதியில் அவர்கள் மாதிரி கொடுக்க நேர்ந்தது. பின்னர் மேலும் பலரிடம், சிறுவர்களிடமும்கூட, எடுக்கப்பட்டது. எவருடைய மாதிரியும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் இடம்பெற்ற மூவரும் அதே வேங்கைவயல் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். இடதுசாரிகளும் தலித் இயக்கங்களும் அதனை ஏற்கவில்லை.

அந்த வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. ஆனால் விசாரணை முறை பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதிரி கேட்கப்படுவது யாரிடம் என்பதைத் தீர்மானிப்பது அறிவியல் அல்ல, விசாரணை அதிகாரி. சாதி ஆதிக்கம் நிலவும் ஊரில் அந்தத் தேர்வு ஒருபோதும் வெறும் தொழில்நுட்பத் தேர்வாக இருக்க முடியாது. பொருந்தாத மாதிரிகள் பின்னர் என்ன ஆகும் என்பதும் கொடுத்தவருக்கு எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும்.

உறவு முறையும் சாதி வலையும்

கொடிவழித் தேடலின் கணக்குகள் அமெரிக்காவில், பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரைக் கொண்டு உருவானவை. அவர்களுக்குள் உறவுத் திருமணம் அரிது. கொடிவழி மரம் மேலே போகப்போக விரிந்துகொண்டே செல்லும். கிளைகள் மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. நம்மிடையே நிலைமை வேறு. மாமன் மகளை மணப்பதும் அக்காள் மகளை மணப்பதும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம். தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. கேரளத்தில் அது மிகக் குறைவு. ஒரே ஆள் ஒரு வழியில் சித்தப்பா, இன்னொரு வழியில் மச்சான். உறவுக்குள் மணம் கொள்ளாத குடும்பங்களும் சாதிக்குள்ளேயே மணம் கொள்கின்றன. இத்தகைய சமூகத்தில் தூரத்து உறவினர்கூட நெருங்கிய உறவினர்போல் கணக்கில் தோன்றுவார். ஒருவருக்குப் பத்து உறவினர் கிடைக்க வேண்டிய இடத்தில், ஓர் ஊரின் ஒரு தெருவே திரண்டு வந்து நிற்கும்.

இது அச்சத்தில் பிறந்த கற்பனையன்று. ஐதராபாத் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் உள்ளிட்ட குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களைப் பரிசோதித்தது. அவற்றுள் 81 குழுக்களில், சிலரிடமிருந்தே பெருகி வந்ததன் தடம் பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட வலுவாக இருந்தது. பல நூற்றாண்டு அகமண முறை குருதியில் விட்டுச்சென்ற வடு அது. ஆய்வாளர்கள் அதனை நோய்களைக் கண்டறியப் பயன்படுத்த விரும்பினர். அதே வடு காவல்துறையின் கையில் சாதியைக் காட்டும் கைகாட்டியாகிவிடும். குற்றவாளியின் பெயர் தெரிவதற்கு முன்பே அவன் இன்ன சாதி என்ற செய்தி காவல் நிலையத்திலிருந்து தொலைக்காட்சிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தச் சாதி ஒடுக்கப்பட்ட சாதியாக இருந்தால் என்ன நடக்கும், ஆதிக்கச் சாதியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு நிகழ்வை நினைவுகூர்வது பொருந்தும். இந்த ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களில் உசிலம்பட்டிச் சீமையிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய பாட்டன்மார் ரேகைச் சட்டம் என்ற பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் தனி மனிதரை விசாரிக்கவில்லை. ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றத்தின் அடையாளமாக்கியது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்து மக்கள் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உள்ளிட்ட பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. கைரேகையாவது ஒருவரோடு நின்றது. மரபணுவோ பிறந்தவர், பிறக்கவிருப்பவர் அனைவரையும் சேர்த்தே பதிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

பெருங்காமநல்லூர் நிகழ்ந்த அதே 1920-இல்தான் கைதிகளை அடையாளம் காணும் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதன் இடத்தில் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு ஆகஸ்டு 4 முதல் நடைமுறைக்கு வந்தது. தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கைரேகை, காலடித் தடம், கருவிழி, உயிரியல் மாதிரி, அதன் பகுப்பாய்வு, நடத்தைக் கூறுகள் என அனைத்தும் அச்சட்டத்தில் ‘அளவீடு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டன. தண்டனை பெற்றவர் மட்டுமன்றிக் கைதானவரும் அதன் வலைக்குள் வருகிறார். மேலும், விசாரணைக்கு உகந்தது என்று மாஜிஸ்திரேட் கருதினால் எந்த நபரையும் அளவீடு கொடுக்குமாறு ஆணையிடலாம். ‘எந்த நபரையும்’ என்ற சொல்லில் குற்றவாளியின் அத்தை மகனும் அடங்குவார். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் இப்பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கும். நம் நாட்டில் ஒரு தொழிலாளியின் சராசரி ஆயுளைவிட அது நீண்டது.

மரபணுவுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவரும் முயற்சி இருபதாண்டு பழமையானது. 2019-இல் அறிமுகமான டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா நிலைக்குழுவுக்குச் சென்றது. மரபணு விவரத்தைக் கொண்டு ஒரு சாதியையோ சமூகத்தையோ குற்றத்தோடு தவறாக முடிச்சுப்போடும் ஆபத்தை 2021 பிப்ரவரியில் வெளியான குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அக்குழுவில் இருந்த தோழர் பினோய் விஸ்வம் மாற்றுக் கருத்துக் குறிப்பு அளித்தார். 2023 ஜூலையில் அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்களின் எதிர்ப்புக்குப் பணிந்து அல்ல. வேண்டிய அதிகாரம் பெரும்பகுதி 2022 சட்டத்தின் வழியே கைக்கு வந்துவிட்ட பிறகு, மரபணு வாரியம், ஒழுங்குமுறை, தண்டனை என்று சில கட்டுகளையேனும் கொண்ட மசோதா தேவைப்படவில்லை. அதிகாரம் வந்தது, கட்டு வரவில்லை. அதே 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் தாராளமான விலக்கு அளிக்கிறது.

அரசியல் சட்டம் காக்காதா என்று கேட்கலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. ஆனால் கைரேகையும் கையெழுத்தும் சாட்சியம் ஆகாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இரத்த மாதிரியும் அந்த வரிசையிலேயே வைக்கப்படுகிறது. கைரேகை பேசாது என்பது சரி. மரபணு பேசுகிறது, கொடுத்தவரைப் பற்றி மட்டுமன்றி, வழக்கில் பெயரே இல்லாத உறவினரைப் பற்றியும் பேசுகிறது. 1961-இன் அளவுகோல் இதற்குப் போதாது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்த புட்டசாமி தீர்ப்பு புதிய அளவுகோலைத் தந்திருக்கிறது: சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு இருக்க வேண்டும். கொடிவழித் தேடலுக்கு இந்தியாவில் முதல் படியே இல்லை. சட்டமின்றிச் செய்யும் தேடல் அந்தத் தீர்ப்பின் முன் நிற்காது.

மற்றவர்கள் வகுத்த விதிகள்

முதலாளித்துவத்தின் தலைநகரமாகிய அமெரிக்காவே விதி வகுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது. 2019-இல் அந்நாட்டு நீதித் துறை இடைக்கால நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றங்களுக்கு மட்டும்; வழக்கமான டி.என்.ஏ. தரவகத்தில் தேடிக் கிடைக்காத பிறகு மட்டும்; தாங்கள் காவல்துறை என்பதை மறைக்காமல்; கொடிவழித் தேடலை மட்டுமே கொண்டு எவரையும் கைது செய்யாமல் என்பன அதன் சாரம். மேரிலாந்து மாநிலம் 2021-இல் இதனைச் சட்டமாகவே ஆக்கியது. அங்கு நீதிபதியின் முன் அனுமதி வேண்டும். உறவினரிடம் மாதிரி கேட்டால் விவரம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். மறைவாக எடுப்பதற்கும் நீதிபதியே அனுமதிக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் விவரங்கள் அழிக்கப்பட வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரும் தம் குற்றமின்மையை நிறுவ இதே தேடலை நீதிமன்றத்திடம் கோரலாம். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. கருவி அரசின் கையில் மட்டும் இருந்தால் அது ஆயுதம்.

ஆனால் தரவு தனியார் முதலாளியிடம் இருக்கும் வரை எந்த விதியும் அரைகுறையே. 23அண்ட்மீ என்ற நிறுவனம் கோடிக்கு மேற்பட்டவர்களின் எச்சில் மாதிரியைப் பணம் வாங்கிக்கொண்டு பெற்றது. 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. கோடி மக்களின் வம்சாவளி, கடன்காரருக்குப் பதில் சொல்வதற்கான சொத்தாக ஏலத்துக்கு வந்தது. புற்றடியில் ஏலக்காய் ஏலம் போவதைப் பார்த்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வேறுபாடு புலப்படும்: ஏலக்காய் அடுத்த ஆண்டும் காய்க்கும்.

எத்தனை பேரின் விவரம் இருந்தால் ஒரு நாடு முழுவதும் வலைக்குள் வரும்? யானிவ் எர்லிக் குழுவினர் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, மக்கள்தொகையில் இரண்டு விழுக்காடு போதும். ஏறத்தாழ எல்லோருக்கும் மூன்றாந்தலைமுறை உறவினர் ஒருவராவது அதில் இருப்பார். கொடுக்காத தொண்ணூற்றெட்டுப் பேரும் கொடுத்த இருவரின் வழியே தெரிந்துவிடுகிறார்கள். தனி நபரின் சம்மதம் என்ற தாராளவாதக் கோட்பாடு இங்கே உடைந்துபோகிறது. இரத்தம் ஒருவருடையதல்ல என்பதால், அதற்கான பாதுகாப்பும் ஒருவர் கையெழுத்தைச் சார்ந்ததாக இருக்க முடியாது.

துயரத்தில் கொடுத்த இரத்தம்

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது. சிதைந்த உடல்களை அடையாளம் காண உயிர் பிழைத்த உறவினர்களிடம் இரத்தம் எடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர்கள் தயங்காமல் கொடுத்தார்கள்; தம் பிள்ளையின் கையையாவது புதைக்க வேண்டுமே என்று கொடுத்தார்கள். பெட்டிமுடியில் எழுபது உயிர்களைப் பறிகொடுத்த இந்த மாவட்டத்து மக்களுக்கு அந்த நிலை புரியும். அறிவியல் மனிதருக்குச் செய்த மிகப்பெரிய உதவிகளில் அது ஒன்று.

அப்படிக் கொடுத்த மாதிரி நாளை ஏதோ ஒரு திருட்டு வழக்கில் ஒப்பிடப்பட்டால்? சான் பிரான்சிஸ்கோவில் நடந்திருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் ஒருவர், தமக்கு நீதி வேண்டிக் கொடுத்த மாதிரியின் விவரம் காவல்துறைத் தரவகத்தில் வைக்கப்பட்டு, ஆண்டுகள் கழித்து ஒரு சொத்துக் குற்ற வழக்கில் அவரையே கைது செய்யப் பயன்படுத்தப்பட்டது. 2022-இல் இது வெளிவந்தபோது அந்நகரமே கொதித்தது. ஒரு நோக்கத்துக்குக் கொடுத்ததை வேறொரு நோக்கத்துக்குத் தொடக்கூடாது என்பதை இந்தியச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. நாட்டின் பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுப்பு ஆராய்ச்சிக்காகத் திரட்டப்பட்டு ஃபரீதாபாத்தில் வைக்கப்பட்டுள்ளது. காவல்துறை அதன் கதவைத் தட்டக்கூடாது என்பதற்கும் தனிச் சட்டம் இல்லை.

முதலில் வேண்டியது

வண்டிப்பெரியாற்றில் 2021 ஜூன் 30 அன்று தோட்ட லயத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். 2023 டிசம்பர் 14 அன்று கட்டப்பனை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. சம்பவ இடத்துக்கு விசாரணை அதிகாரி மறுநாளே சென்றதையும், அறிவியல் சான்றுகளைத் திரட்டுவதில் நேர்ந்த குறைகளையும் தீர்ப்பு கடுமையாகச் சுட்டியது. ஆட்சியில் இருப்பது யார் என்பதைப் பார்த்து இதனைப் பேசாமல் விடுவது தோட்டத் தொழிலாளிக்குச் செய்யும் துரோகம். அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது வம்சாவளித் தரவகம் அன்று. கதவைப் பூட்டி, தடயத்தைக் காத்து, அன்றே மாதிரி எடுக்கும் ஓர் அதிகாரி தேவைப்பட்டார்.

சுருளி வழக்குத் தீர்ப்பு இதற்கு வழிகாட்டியிருக்கிறது. மாதிரி எடுக்கும்போதே முதல் தகவல் அறிக்கை எண், சட்டப் பிரிவு, காவல் நிலையம், அதிகாரியின் விவரம் ஆகியவற்றைப் பதிந்து, மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். தவறினால் காரணம் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றி உறையைப் பிரிக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற பதிவேடு வழக்கின் முடிவு வரை தொடர வேண்டும். இந்த ஒழுங்கு நிலைநாட்டப்பட்ட பிறகே கொடிவழித் தேடல் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டு. அப்போதும் நாடாளுமன்றத்தில் விவாதித்து இயற்றிய சட்டத்தின் கீழ், அமர்வு நீதிபதியின் எழுத்து ஆணையோடு, கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் மட்டும், வேறு வழி அற்றுப்போன நிலையில் மட்டும் என்பதே இடதுசாரி இயக்கத்தின் கோரிக்கையாக இருக்க வேண்டும். சாதி, மதம், நோய் பற்றிய ஊகங்களை மாதிரியிலிருந்து எடுப்பது குற்றமாக்கப்பட வேண்டும்.

அதுவரை கிளைகள் செய்ய வேண்டிய வேலை உண்டு. இப்போதைய சட்டத்திலும் சில பிடிமானங்கள் இருக்கின்றன. அவை தொழிலாளிக்குத் தெரியவில்லை. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றத்திலோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றத்திலோ அன்றி வேறு வழக்கில் கைதானவர் உயிரியல் மாதிரி கொடுக்க மறுக்கலாம். மறியலில் கைதாகும் தோழருக்கு இது பொருந்தும். தடையாணையை மீறியதற்காக மட்டும் கைதானவரிடம் அளவீடு எடுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் விதிகள் கூறுகின்றன. எல்லை கடந்து வேலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளியானாலும், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் லயங்களில் தங்கியிருக்கும் தொழிலாளியானாலும், காவலர் வந்து இரத்தம் கேட்டால் எழுத்து ஆணை எங்கே, எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று கேட்க ஒருவர் உடன் நிற்க வேண்டும். பின்னவர்களுக்கு மொழியும் துணையில்லை என்பதால் அவர்களுக்கே முதலில் நிற்க வேண்டும்.

வழக்கிலிருந்து விடுபட்டவரின் பதிவுகள், அவர் முன்பு தண்டனை பெறாதவராயின், மேல்முறையீடுகள் முடிந்த பின் அழிக்கப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. ஆனால் அது தானாக நடப்பதில்லை. அதற்கென அமர்த்தப்பட்ட பொறுப்பு அதிகாரிக்குக் கோரிக்கை போக வேண்டும். விடுதலையான தொழிலாளி மறுநாள் காலை ஜீப்பில் ஏறி வேலைக்குப் போய்விடுகிறார். அப்படி ஒரு மனு உண்டென்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. தீர்ப்பின் நகலோடு அந்த மனுவை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்கும் வேலையை வண்டன்மேடு, கட்டப்பனை, நெடுங்கண்டம் கிளைகள் இந்த மாதமே தொடங்கலாம்.